படத்தில் வரும் முதலாளியும் நம்ம ஊர் முதலாளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வணிகப் பிரிவுக்கு வணிகக் கல்வி படிப்பிக்கிறேன். பிள்ளைகள் கிழக்கிலங்கையின் கல்முனை, மருதமுனை, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். முயற்சியாண்மை அலகைத் தொடங்கினால் பேச்சு உடனே படங்களுக்குப் போய்விடும். முதலாளி, சீஇஓ, ஸ்டார்ட்அப் என்று அவர்கள் மனதில் இருக்கும் உருவங்களில் பாதிக்கு மேல் திரையிலிருந்து வந்தவை. பிள்ளைகளும் பெற்றோரும் கடை நடத்தும் சிலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில படங்களின் முடிவும் இடையில் வரும்.

தமிழ்ப் படங்களில் கம்பனி முதலாளி ஏன் வில்லனாகவே வருகிறார்?

எப்போதும் அப்படி இல்லை. கதாநாயகனே முதலாளியாகும் படங்களும் நிறைய உண்டு. ஆனால் கோட் சூட் போட்டு, கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் நிற்பவர் என்றால் பெரும்பாலும் கெட்டவர்தான். 'கத்தி' (2014) கிராமத்துத் தண்ணீருக்கும் நிலத்துக்கும் கண் வைக்கும் பன்னாட்டுக் கம்பனியைக் காட்டியது. 'தனி ஒருவன்' (2015) மருந்து வியாபாரத்தையும், 'வேலைக்காரன்' (2017) பொதி செய்த உணவுப் பொருட்களையும் எடுத்துக்கொண்டன. உலக சினிமாவிலும் இது பழைய வழக்கம். சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) படத்தில் தொழிற்சாலை முதலாளி தன் அறையில் இருந்து படத்துண்டுகளைப் பொருத்தி விளையாடிக்கொண்டே, இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டச் சொல்லுவார்.

காரணம் கதையின் தேவை. ஒரு கம்பனியில் ஒரு முடிவை எடுப்பது பணிப்பாளர் சபை. அதற்குப் பின்னால் பங்குதாரர்கள், வங்கி, ஆலோசகர்கள், சட்டத்தரணிகள் இருப்பார்கள். இவ்வளவு பேரோடு கதாநாயகன் சண்டை போட முடியாது. அதனால் எல்லோரையும் ஒரே முகமாகச் சுருக்கி அதற்கு ஒரு கோட்டைப் போட்டுவிடுகிறார்கள்.

இந்தப் படங்கள் வைக்கும் குற்றச்சாட்டுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர், மருந்து, உணவு என்று அவை தொட்ட இடமெல்லாம் உண்மையாகவே புண்ணான இடங்கள். குறை வேறு ஒன்று. கெட்ட மனிதன் ஒருவன் இல்லாமலே ஒரு கம்பனி கெட்டதைச் செய்ய முடியும் என்பதை இந்தப் படங்கள் காட்டுவதில்லை. நுண்கடன் எடுத்த பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து நின்று தவணை கேட்கும் பையனும் நம்ம ஊர்ப் பிள்ளைதான். அவனுக்கு ஒரு மாத இலக்கு இருக்கிறது. அதை அவனுக்குக் கொடுத்த முகாமையாளருக்கு மேலே இன்னொரு இலக்கு இருக்கிறது. படத்தில் வந்தால் அந்தப் பையனை ரவுடியாக்கி நாலு அடி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இலக்கு அப்படியே இருக்கும்.

கம்பனிகளைத் திட்டும் படத்தையும் ஒரு கம்பனிதானே எடுக்கிறது?

ஆம். 'கத்தி'யைத் தயாரித்தது லைக்கா. தொலைத்தொடர்பு வியாபாரத்தில் வளர்ந்த குழுமம் அது, அதன் நிறுவனர் முல்லைத்தீவில் பிறந்தவர். ஒரு பெரிய படம் எடுக்கக் கோடிக்கணக்கில் காசு வேண்டும், அது வியாபாரத்திலிருந்துதான் வர முடியும். இதனால் படத்தின் கருத்துச் செல்லாததாகிவிடாது. ஆனால் பெயர் ஓடும்போது தயாரிப்பாளர் யார் என்று பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வரவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

ஒரு பாட்டுக்குள் பால்காரர் ஹோட்டல் முதலாளி ஆகிறாரே, அந்தப் பாட்டில் என்ன விடுபடுகிறது?

'அண்ணாமலை' (1992), 'சூரியவம்சம்' (1997) இரண்டையும் இன்றைக்கும் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். அந்தப் பாட்டுகளைக் கேட்டால் எனக்கும் உற்சாகம் வரும். ஆனால் எங்கள் பாடப்புத்தகத்தின் மிக முக்கியமான பகுதி அந்த ஐந்து நிமிடத்துக்குள்தான் மறைந்துபோகிறது. அதன் பெயர் தொழிற்படு மூலதனம், அதாவது விற்ற காசு கைக்கு வரும்வரை வியாபாரத்தை ஓட்டத் தேவையான காசு.

மருதமுனைக் கைத்தறியை எடுத்துப் பேசுவோம். ஒரு பேச்சுக்கு, ஒருவருக்கு நூல், சாயம், நெசவுக் கூலி எல்லாம் சேர்த்து மாதம் 2 இலட்சம் ரூபா செலவாகிறது என்று வையுங்கள். அந்தச் சாரமும் சேலையும் மாதக் கடைசியில் 2.5 இலட்சத்துக்குக் கடைகளுக்குப் போகின்றன. மாதம் 50,000 லாபம், நல்ல வியாபாரம். ஆனால் கடைக்காரர் காசு தருவது மூன்று மாதம் கழித்து. நூல்காரர் காசைக் கையில் கேட்கிறார், நெசவாளருக்குக் கிழமைக் கூலி கொடுக்க வேண்டும். முதல் காசு கைக்கு வருமுன்னே நாலு மாதச் செலவு, அதாவது 8 இலட்சம், போட்டாகிவிட்டது.

சரி, வியாபாரம் பிடித்துவிட்டது, கடைகள் இரண்டு மடங்கு கேட்கின்றன. இப்போது 16 இலட்சம் வேண்டும். கேள்வி, அதாவது வாங்குவோரின் தேவை, கூடும்போதுதான் காசு முடை வருகிறது. இதைப் பிள்ளைகள் முதலில் நம்பவே மாட்டார்கள். படத்தில் கேள்வி கூடினால் கார் வருகிறது. நிஜத்தில் கேள்வி கூடினால், அந்த மேலதிகக் காசை யார் தருவார் என்று தேடி அலைய வேண்டும். லாபத்தில் ஓடிக்கொண்டிருந்த தறியே நூல் வாங்கக் காசில்லாமல் நின்றுபோகலாம்.

இந்த இடைவெளியை நம்ம பக்கத்தில் எதைக்கொண்டு நிரப்புகிறார்கள்? சீட்டு, மனைவியின் நகை, வெளிநாட்டில் இருக்கும் தம்பி, நூல்காரர் வைத்திருக்கும் நம்பிக்கை. சில்லறைக் கடைகளில் கடன் கொப்பி. அம்பாறை மாவட்டத்தில் நெல் அறுவடை எப்போது என்பதைக் கேட்டால், அந்தக் கொப்பியில் எந்த மாதம் கடன் தீர்ந்து கோடு விழும் என்று சொல்லிவிடலாம். பெரும்போகத்துக் காசு வரும்வரை மளிகைக் கடைக்காரர்தான் கமக்காரர் வீட்டு வங்கி. இவ்வளவு பெரிய நாடகம் நம்ம கண்முன்னால் நடக்கிறது, ஆனால் அது திரையில் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

'சூரரைப் போற்று' உண்மைக் கதையா?

உண்மைக் கதையிலிருந்து எடுத்த கற்பனை. ஏயர் டெக்கான் விமான சேவையைத் தொடங்கிய ஜீ. ஆர். கோபிநாத் எழுதிய சுயசரிதையைத் தழுவியது. சுதா கொங்கரா இயக்கினார், சூர்யா நடித்தார். 2020 நவம்பரில் நேராக அமேசான் பிரைமில் வந்தது. பிறகு இந்திய தேசிய விருதுகள் ஐந்தைப் பெற்றது. நம்ம பக்கத்தில் பெரும்பாலானோர் போனில்தான் பார்த்தார்கள்.

படத்து மாறன் மதுரைப் பக்கத்துக்காரர், விமானப் படையில் இருந்தவர். கோபிநாத் கர்நாடகக்காரர், தரைப்படையில் கப்டன். இந்த மாற்றங்கள் பெரிய விசயம் இல்லை. எனக்கு முக்கியமாகத் தெரிவது இரண்டு வேறு இடங்கள்.

ஒன்று, தொடக்கம். கோபிநாத் படையை விட்டு வந்து பல ஆண்டுகள் விவசாயம் செய்தார். 1990களில் வாடகை ஹெலிகொப்டர் கம்பனி ஒன்றைத் தொடங்கி நடத்தினார். விமானிகள், பராமரிப்பு, உரிமப்பத்திரம், அரச அலுவலகங்கள் எல்லாவற்றையும் அங்கேதான் பழகினார். அதற்குப் பிறகுதான் 2003இல் ஏயர் டெக்கான். மாறனின் கதையில் இந்த இடைப்பட்ட ஆண்டுகளுக்கு இடமில்லை. பிடிவாதம் மட்டுமே விமானத்தைப் பறக்க வைத்தது போல் ஆகிவிடுகிறது.

மற்றது, முடிவு. படம் வெற்றியில் நிற்கிறது. நிஜத்தில் ஏயர் டெக்கான் வேகமாக வளர்ந்தது, ஆனால் நட்டத்தில் ஓடியது. 2007இல் விஜய் மல்லையாவின் குழுமம் பங்கு வாங்கியது. அடுத்த ஆண்டு கிங்ஃபிஷரோடு சேர்த்துவிட்டார்கள். அந்தக் கிங்ஃபிஷரும் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. அப்படியானால் கோபிநாத் தோற்றாரா? அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் இதை வகுப்பில் எடுக்கிறேன். கம்பனி போய்விட்டது. ஆனால் குறைந்த கட்டணத்தில் சாதாரண மக்களும் பறக்கலாம் என்ற வழி இந்தியாவில் நிலைத்துவிட்டது, அந்த வழியில் பின்னால் வந்தவர்கள் பெரிய கம்பனிகள் ஆனார்கள். ஒரு யோசனை வெல்வதும் அதைக் கொண்டுவந்தவரின் கம்பனி வெல்வதும் இரண்டு வேறு விசயங்கள். படம் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது.

இருந்தும் இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்லுவேன். கடன் கேட்டுக் கதவு கதவாகப் போகும் அவமானத்தை அது ஒளிக்கவில்லை. மனைவி பொம்மி சொந்தமாக ஒரு பேக்கரி நடத்துகிறார், கணவனின் கனவுக்காகத் தன் தொழிலை மூடிவிட்டு வரவில்லை. தமிழ்ப் படத்தில் இது அரிது.

ஸ்டார்ட்அப்புக்கும் புதுக் கடைக்கும் என்ன வித்தியாசம்?

கடை தன் லாபத்தில் வளர்கிறது. ஸ்டார்ட்அப் வெளியாரின் முதலீட்டில், லாபம் வருமுன்னே, வேகமாக வளரப் பார்க்கிறது. முதலீடு செய்தவர் வட்டி கேட்பதில்லை, கம்பனியில் பங்கு எடுக்கிறார். ஒருநாள் அந்தப் பங்கு பல மடங்குக்கு விற்கும் என்று காத்திருக்கிறார். கொம்பியூட்டர் இருப்பதாலோ மேசைப் பந்து விளையாட்டு இருப்பதாலோ ஓர் இடம் ஸ்டார்ட்அப் ஆகாது.

எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு இலங்கை உதாரணங்களையே பாருங்கள். வாடகை வாகனச் செயலியான பிக்மீ 2015இல் சேவைக்கு வந்தது, கொழும்புப் பங்குச் சந்தைக்கு 2024இல் போனது. மென்பொருள் கம்பனியான டபிள்யூஎஸ்ஓ2 தொடங்கியது 2005இல். ஐரோப்பிய முதலீட்டு நிறுவனம் ஒன்று 60 கோடி டொலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கியது 2024இல். பத்தொன்பது வருடம். படத்தில் இது இடைவேளைக்கு முன் முடிந்திருக்கும்.

'தி சோஷியல் நெட்வொர்க்' படத்தில் கூட்டாளியின் பங்கு எப்படிக் காணாமல் போகிறது? எத்தனை தரம் பார்த்தும் விளங்கவில்லை.

பேஸ்புக் தொடங்கிய கதை, 2010இல் வந்த படம். ஆரம்பக் காசைப் போட்ட நண்பர் எடுவார்டோ சவரின் கையெழுத்துப் போட்ட பத்திரங்களாலேயே அவருடைய பங்கு சுருங்கிப்போகிறது. யாரும் அவருடைய பங்கைத் திருடவில்லை. புதுப் பங்குகளை வெளியிட்டார்கள், அவ்வளவுதான்.

கணக்காகச் சொல்கிறேன். நீங்களும் நண்பரும் ஆளுக்கு 50 பங்கு, மொத்தம் 100. உங்களுக்குப் பாதிக் கம்பனி. முதலீட்டாளர் ஒருவர் வருகிறார், அவருக்குப் புதிதாக 100 பங்கு எழுதுகிறார்கள். இப்போது மொத்தம் 200. உங்கள் கையில் அதே 50 பங்குதான், ஆனால் கம்பனியில் கால்வாசி. அடுத்ததாக நண்பருக்கு மட்டும் இன்னும் 300 பங்கு கொடுத்தால் மொத்தம் 500, உங்களுக்குப் பத்திலொன்று. முதல் தடவை நடந்தது எல்லாக் கம்பனியிலும் நடப்பது, இருவருக்கும் சமமாகக் குறைந்தது. இரண்டாவது தடவை நண்பர்கள் இருவரில் உங்களுக்கு மட்டும் குறைந்தது. வழக்கு வருவது அங்கேதான். நிஜ வாழ்க்கையில் சவரின் வழக்குப் போட்டு, சமரசமாகி, இணை நிறுவனர் என்ற பெயரையும் ஒரு பங்கையும் மீட்டுக்கொண்டார்.

படத்தில் வரும் காதல் தோல்விக் கதை சோடித்தது. காதலி விட்டுப்போன கோபத்தில்தான் பேஸ்புக் பிறந்தது என்று நம்பிவிடாதீர்கள்.

நாங்கள் மச்சானும் மச்சானும் சேர்ந்து கடை போடுகிறோம். எங்களுக்குள் எழுத்து எதற்கு?

இதைக் கேட்டவர் அக்கரைப்பற்றில் கடை போடப் போகிறவர். அவருக்கு நான் 'தி ஃபவுண்டர்' (2016) படத்தைப் பார்க்கச் சொன்னேன். மக்டொனால்ட் சகோதரர்கள் இருவர் கலிபோர்னியாவில் வேகமாகச் சாப்பாடு கொடுக்கும் முறையைக் கண்டுபிடிக்கிறார்கள். பால் கலக்கும் இயந்திரம் விற்க வந்த ரே க்ரொக் அதை நாடு முழுக்கக் கொண்டுபோகிறார். கடைசியில், 1961இல், 27 இலட்சம் டொலருக்குச் சகோதரர்களிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறார். தொடர்ந்து ஒரு பங்கு தருவதாகக் கைகுலுக்கிச் சொன்ன வாக்கு, எழுத்தில் இல்லாததால் கைக்கு வராமலே போனதைப் படம் காட்டுகிறது. க்ரொக்கின் பலம் எங்கிருந்து வந்தது என்றும் கவனியுங்கள். கடைகள் நிற்கும் காணியை அவர் தன் கையில் வைத்துக்கொண்டார். இறைச்சியை விடக் காணிதான் கதையின் திருப்பம்.

நம்ம நாட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப மூலதனம் 1000 ரூபாவுக்கு மேல் என்றால் பங்குடைமை உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். இது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. உடன்படிக்கையில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டப்படி லாபமும் நட்டமும் சமமாகப் பிரியும். ஒருவர் 10 இலட்சமும் மற்றவர் 2 இலட்சமும் போட்டிருந்தாலும் சமம்தான். எழுதிக் கேட்பது சந்தேகப்படுவதாக ஆகாது. மச்சானோடு உறவு கெடக்கூடாது என்று நினைப்பவர்தான் முதலில் எழுத வேண்டும். யார் எவ்வளவு போட்டது, யார் கடையில் நிற்பது, நிற்பவருக்குச் சம்பளம் உண்டா, ஒருவர் விலகினால் எப்படிக் கணக்கு முடிப்பது. இந்த நாலும் இருந்தால் போதும், சட்டத்தரணியிடம் போய் ஒழுங்காக எழுதிக்கொள்ளலாம்.

படங்களில் பெண் முதலாளி ஏன் திமிர் பிடித்தவராகவே வருகிறார்?

இந்தக் கேள்வியைப் பெண்பிள்ளைகள்தான் கேட்கிறார்கள், கோபத்தோடு கேட்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. 'மன்னன்' (1992) படத்தில் தொழிலதிபராக வரும் பெண், கடைசியில் வீட்டைப் பார்த்துக்கொள்பவராக மாறுவதுதான் நல்ல முடிவு என்று காட்டப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்து வந்த 'வேலையில்லா பட்டதாரி 2' (2017) படத்திலும் பெரிய கட்டுமானக் கம்பனியை நடத்தும் பெண், கதாநாயகன் அடக்க வேண்டிய ஆளாகவே வருகிறார். அவருடைய திறமைக்காக வசனம் இரண்டு இருக்கும், ஆனால் அவர் வேலை செய்யும் காட்சி கிடைக்காது.

'36 வயதினிலே' (2015) வேறு பக்கம் போனது. வீட்டு மொட்டைமாடியில் மரக்கறி வளர்க்கும் ஒரு பெண், பெரிய கல்யாண வீட்டுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, தன் ஒரு மாடியில் அவ்வளவும் விளையாது என்பதால் அயல்வீட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார். உற்பத்தியை ஒன்றுசேர்ப்பது என்று பாடத்தில் நாங்கள் சொல்வது இதுதான். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தின் கதையான ஹிந்திப் படம் 'பேட் மேன்' (2018) இன்னொன்று. மலிவாக அணையாடை செய்யும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த அவர், அதைப் பெரிய கம்பனிக்கு விற்காமல் பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்தார். படம் கதையை மத்தியப் பிரதேசத்துக்குக் கொண்டுபோய்விட்டது. தமிழ் மனிதர் ஒருவரின் கதையைத் தமிழ் சினிமா முதலில் எடுக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

போருக்கும் சுனாமிக்கும் பிறகு மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் எத்தனையோ குடும்பங்களைப் பெண்கள்தான் தூக்கி நிறுத்தினார்கள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர், தையல் மெசின் இரண்டை வைத்துப் பாடசாலைச் சீருடை தைப்பவர், பன்புல்லில் பாய் பின்னுபவர் எல்லோரும் தொழில்முயற்சியாளர்கள். அவர்கள் தேர்ந்த கணக்காளர்களும்கூட. மூன்று இடத்துக் கடன் தவணையையும் பிள்ளையின் டியூஷன் காசையும் ஒரே கிழமைக்குள் ஓட்டுவது சின்ன விசயம் இல்லை.

பொய் சொல்லியாவது முதலில் வளர வேண்டும், பிறகு சரிசெய்யலாம் என்று ஸ்டார்ட்அப்காரர்கள் சொல்வது சரிதானா?

சரியில்லை. 'தி ட்ரொப்அவுட்' (2022) என்ற தொடரைப் பாருங்கள். எலிசபெத் ஹோம்ஸ் 19 வயதில், 2003இல், தெரானோஸ் கம்பனியைத் தொடங்கினார். விரல் நுனியில் எடுக்கும் சில துளி இரத்தத்தில் பல பரிசோதனைகள் செய்யலாம் என்றார். இயந்திரம் சொன்னபடி வேலை செய்யவில்லை. 2015இல் பத்திரிகை வெளிக்கொண்டுவந்தது, 2018இல் கம்பனி மூடப்பட்டது, 2022இல் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக அவருக்கு 11 வருடத்துக்கு மேல் சிறை. அந்தப் பரிசோதனை முடிவை நம்பி மருந்து எடுத்த நோயாளிகள் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்கிறேன்.

தமிழில் 'சதுரங்க வேட்டை' (2014) ஆசையைத் தூண்டி எப்படிக் காசு பிடுங்குகிறார்கள் என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறது. ஆள் சேர்த்தால் காசு என்ற திட்டத்தோடு நம்ம ஊர்களுக்கும் கோட் போட்ட ஆட்கள் வருகிறார்கள். ஹோட்டல் மண்டபம் எடுக்கிறார்கள், மேடையில் கார்ச் சாவி கொடுக்கிறார்கள். மேடை, ஒளி, கைதட்டல் எல்லாம் படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெற்றிபோலத் தெரிகிறது. இப்படி ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டம் இலங்கையில் வங்கித்தொழில் சட்டப்படி குற்றம். அதை நடத்துவது மட்டுமல்ல, பரப்பி இன்னொருவரைச் சேர்ப்பதும் குற்றம். பொருள் எதையும் விற்காமல், ஆளைச் சேர்த்தால் மட்டும் காசு என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

மோசமான ஆளைக் காட்டினாலும் பிள்ளைகள் அவனைப்போல் ஆகத்தானே ஆசைப்படுகிறார்கள்?

அது உண்மைதான். 'வோல் ஸ்ட்ரீட்' (1987) பங்குச் சந்தைப் பேராசையைக் கண்டிக்க எடுத்த படம். ஆனால் அந்த வில்லனைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்று தன்னிடம் பலர் சொன்னதாக, அந்த வேடத்துக்காக ஒஸ்கார் வாங்கிய மைக்கேல் டக்ளஸே கூறியிருக்கிறார். கண்டிப்பு வசனத்தில் இருந்தது, அழகு படம் முழுக்க இருந்தது. வீட்டில் பெரியவர்கள் கூட இருந்து பார்த்துப் பேசினால் நல்லது.

நிஜ நிர்வாகி ஒரு நாளில் என்னதான் செய்கிறார்?

வரவேண்டிய காசு வந்ததா என்று பார்க்கிறார், கொடுக்கவேண்டியதை எப்போது கொடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறார், வேலையாட்களுக்கு இடையில் வந்த பிணக்கைத் தீர்க்கிறார், கூட்டங்களில் இருக்கிறார், கையொப்பம் வைக்கிறார். ஒவ்வொரு மாதமும் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதத்தையும் கம்பனியின் 12 வீதத்தையும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதத்தையும் கட்ட வேண்டும். எந்தப் படத்திலும் நல்ல முதலாளி இதைக் கட்டி நான் பார்த்ததில்லை. திருவிழாவில் அள்ளிக் கொடுப்பவரைத்தான் நல்லவர் என்று காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், சேமலாப நிதியை மாதாமாதம் தவறாமல் கட்டுபவர்தான் நல்ல முதலாளி.

நம்ம பக்கத்து வியாபாரத்தை யாராவது படமாக்கினால் எதை எடுக்கலாம்?

எருமைத் தயிரை எடுங்கள். மட்டக்களப்புத் தயிர்ச் சட்டி என்றால் நாடு முழுக்கத் தெரியும். ஆனால் அந்தச் சட்டிக்குப் பின்னால் மேய்ச்சல் தரை இருக்கிறது. மயிலத்தமடு, மாதவனைப் பக்கத்துப் பண்ணையாளர்கள் தங்கள் மாடுகளுக்கு மேய்ச்சல் நிலம் கேட்டு 2023இலிருந்து சித்தாண்டியில் வீதியோரம் இருந்து போராடினார்கள். மூலப்பொருள் கையைவிட்டுப் போனால் ஒரு தொழில் என்னவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. இதில் சட்டம், அரசியல், குடும்பம், சந்தை எல்லாம் இருக்கிறது, கோட் போட்ட வில்லன் தேவையே இல்லை.

அறுகம்பையும் நல்ல களம். அலைச்சறுக்கு ஆட வெளிநாட்டவர் வருவது சித்திரைக்குப் பின்னிருந்து ஐப்பசி வரைக்கும்தான். பிறகு வாடைக் காற்றும் மழையும். ஆறு மாதத்து வருமானத்தில் பன்னிரண்டு மாதம் சீவிக்க வேண்டும், சமையல்காரரை விடாமல் வைத்திருக்கவும் வேண்டும், அடுத்த பருவத்துக்குப் பெயின்ற் அடிக்கவும் வேண்டும். 2022இல் டொலரும் எரிபொருளும் இல்லாமல் போனபோது இப்படிச் சிறிய இடங்கள் பட்ட பாட்டை யாராவது இப்போதே கேட்டுப் பதிவுசெய்து வைக்க வேண்டும்.

மகன் படத்தைப் பார்த்துவிட்டு, படிப்பை விட்டுவிட்டு ஸ்டார்ட்அப் தொடங்கப் போகிறேன் என்கிறான். என்ன சொல்வது?

ஏசாதீர்கள். ஆசை வந்தது நல்லது. படிப்பை இடையில் விட்டுக் கோடீஸ்வரர் ஆனவர்களைப் படம் எடுக்கிறார்கள், விட்டுவிட்டு ஒன்றும் ஆகாமல் போனவர்களை எடுப்பதில்லை. அதனால் கண்ணுக்குத் தெரியும் கணக்கே பிழை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தை விட்டுப் போன பேஸ்புக் நிறுவனருக்குத் திரும்பி வந்தாலும் இடம் இருந்தது, வீட்டில் வசதியும் இருந்தது. நம்ம பிள்ளைக்கு உயர்தரத்தை விட்டால் அப்படி ஒரு திரும்பும் வழி இல்லை.

அவனிடம் ஒரு வேலை கொடுங்கள். படிப்பை விடாமல், விடுமுறையில், தெரிந்தவர் ஒருவரின் கடையில் நின்று கடன் கொப்பி எழுதட்டும். அப்புறம் தன் யோசனையை ஒரு பக்கத்தில் எழுதட்டும். யார் வாங்குவார், என்ன விலை, முதல் காசு எப்போது வரும், அதுவரை செலவை யார் தருவார். எழுதி முடித்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால், சின்ன அளவில் செய்து பார்க்க விடுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பதியலாம். கம்பனியாகப் பதிவதென்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி தனியார் கம்பனிக்கு ஒரே ஒரு பங்குதாரர் இருந்தாலும் போதும்.

வகுப்பில் காட்ட ஒரே ஒரு படம் சொல்லுங்கள் என்றால்?

ஹிந்தியில் வந்த 'ராக்கெட் சிங்' (2009). கொம்பியூட்டர் விற்கும் கம்பனி ஒன்றில் விற்பனையாளனாகச் சேரும் சாதாரண பையன், இலஞ்சமும் பொய்யும் பிடிக்காமல், அந்த இடத்துக்குள் இருந்துகொண்டே தனியாக ஒரு கம்பனி நடத்துகிறான். தேநீர் கொடுப்பவரும் வரவேற்பில் இருக்கும் பெண்ணும் அதில் கூட்டாளிகள். வாடிக்கையாளர் கூப்பிட்டால் இரவிலும் போய்த் திருத்திக் கொடுப்பதுதான் அவர்கள் முதலீடு. இன்னொருவரின் இடத்தில் இருந்து சொந்த வியாபாரம் செய்தது சரியா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும், அந்த வாதத்துக்காகவே காட்டலாம். தமிழில் என்றால் 'காக்கா முட்டை'. பீட்சா சாப்பிட ஆசைப்பட்ட சேரிப் பையனைக் கடையில் அடித்துவிட்டார்கள், அந்தக் காணொளி பரவிவிட்டது. இப்போது கடை முதலாளிக்கு வியாபாரம் என்னாகுமோ என்று பயம். அந்தப் பயத்தில் அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் நிறுத்தி நிறுத்திப் பேசலாம். ஒரு பாடவேளைக்குள் முழுப் படமும் முடியாது, கடைசி அரை மணித்தியாலத்தைக் காட்டினால் போதும்.